டியூப்லெஸ் டயர் வாங்கும் முன் ரிம்மைப் படியுங்கள்

எண்ணூர் விரைவுச்சாலையிலும் மணலி சாலையிலும் விடியற்காலையில் ரேஸ் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் எல்லோருக்கும் ஒரு கம்பியோடு பழக்கம் இருக்கும். துறைமுகத்துக்குப் போய்வரும் கன்டெய்னர் லாரியின் ரேடியல் டயர் வெடித்துச் சிதறும்போது, அதனுள் பின்னியிருக்கும் எஃகு இழைகள் அறுந்து சாலையோரமெங்கும் விழுந்து கிடக்கின்றன. தலைமுடியைவிடச் சற்றே தடித்த, அரை அங்குல நீளம்கூட இல்லாத அந்த இழை சைக்கிள் டயரில் ஏறினால் கண்ணுக்குத் தெரியாது. விரலால் தடவிப் பார்த்தால்தான் குத்தும். டியூப் போட்ட சக்கரம் என்றால் சிறிது தூரத்திலேயே காற்று இறங்கிவிடும். அவசரத்தில் டியூபை மட்டும் மாற்றிவிட்டு இழையை டயரிலேயே விட்டுவிட்டால், புது டியூபும் அதே இடத்தில் ஓட்டையாகும். நான் டியூப்லெஸ் டயருக்கு மாறியதற்கு வேகம் காரணமில்லை, இந்தக் கம்பிதான் காரணம்.

டியூப்லெஸ் என்ற சொல் மோட்டார் சைக்கிள் வழியாக நமக்கெல்லாம் பழக்கமானதே. ஆணி ஏறினால் அதைப் பிடுங்காமல் மெதுவாக ஓட்டிப்போய், பஞ்சர் கடையில் ரப்பர் திரி வைத்து அடைத்துக்கொண்டு வருகிறோம். ரேஸ் சைக்கிளிலும் அடிப்படை இதேதான்: காற்றைப் பிடித்து வைப்பது தனி டியூப் அல்ல, டயரும் ரிம்மும் சேர்ந்த அறை. ஆனால் இரண்டு வேறுபாடுகளை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மோட்டார் சைக்கிள் டயர் தடித்தது, அதில் 30 பிஎஸ்ஐ அளவில்தான் காற்று நிற்கிறது. ரேஸ் சைக்கிள் டயரோ மெல்லியது, அதில் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் காற்று நிற்க வேண்டும். அந்த மெல்லிய உடம்பு தானாகக் காற்றைக் காக்காது என்பதால், உள்ளே சீலன்ட் என்னும் வெள்ளைத் திரவத்தை ஊற்றுகிறோம். ஓட்டை விழுந்தவுடன் வெளியேறும் காற்று இந்தத் திரவத்தையும் இழுத்துக்கொண்டு போகிறது. அதிலுள்ள நுண்துகள்கள் ஓட்டையில் சிக்கிக்கொள்ள, ரப்பர் பால் அவற்றைச் சுற்றி உறைந்து அடைத்துவிடுகிறது. லாரிக் கம்பி போடும் ஓட்டை இதற்கு மிகச் சிறிய வேலை. பல சமயம் வீட்டுக்கு வந்து டயரைத் துடைக்கும்போது, உலர்ந்த வெள்ளைப் புள்ளி ஒன்றைப் பார்த்த பிறகுதான் வழியில் பஞ்சர் ஆகியிருக்கிறது என்பதே தெரியவரும்.

இரண்டாவது பயனும் உண்டு. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் தண்டவாள விளிம்பின்மேல் வேகமாக ஏறினால், டயர் நசுங்கி, டியூப் தண்டவாளத்துக்கும் ரிம்முக்கும் நடுவே மாட்டிக்கொண்டு, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டைகள் விழும். அதற்கு அஞ்சியே டியூப் போட்டவர்கள் காற்றைக் கல்லுபோல அடித்துக்கொண்டு ஓட்டுகிறார்கள். டியூப் இல்லாத இடத்தில் மாட்டிக்கொள்ள எதுவும் இல்லை. ஆகவே காற்றைக் குறைத்து ஓட்டலாம். குண்டும் குழியுமான சாலையில் கல்லுபோன்ற டயர் ஒவ்வொரு மேட்டிலும் சைக்கிளையும் ஆளையும் மேலே தூக்கி எறிகிறது. அப்படித் தூக்குவதற்குச் செலவாகும் ஆற்றல் மிதிக்கிறவரின் காலிலிருந்துதான் போகிறது. சற்றே இளகிய டயர் மேட்டைத் தனக்குள் வாங்கிக்கொண்டு முன்னே உருள்கிறது. பந்தயக்காரர்கள் இதை ஏற்றுக்கொள்ள நெடுங்காலம் ஆயிற்று. மலைச் சைக்கிளுக்கான டியூப்லெஸ் முறையை மாவிக் நிறுவனம் 1999-இல் கொண்டுவந்தது. சாலைச் சைக்கிளுக்கு ஷிமானோவும் ஹட்சின்சனும் சேர்ந்து 2006-இல் கொண்டுவந்தன. ஆனாலும் ரிம்மில் பசை போட்டு ஒட்டும் டியூபுலர் டயரைப் பந்தய அணிகள் உடனே கைவிடவில்லை. கருங்கல் பாவிய சாலைகளுக்குப் பேர்போன பாரிஸ்–ரூபே பந்தயத்தை 2021-இல் இத்தாலியரான சோன்னி கோல்ப்ரெல்லி வென்றபோது அவருடைய சைக்கிளில் இருந்தது டியூப்லெஸ் டயர்.

இனித் தேர்வுக்கு வருவோம். கடைக்குப் போனவுடன் 'எந்தக் கம்பெனி டயர் நல்லது?' என்று கேட்பதுதான் நம் வழக்கம். அது மூன்றாவதாகவோ நான்காவதாகவோ கேட்க வேண்டிய கேள்வி. முதலில் கேட்க வேண்டியது உங்கள் ரிம்மை. ரிம்மின் உட்புறத்திலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலோ 622×19, 622×21, 622×23 என்பதுபோல ஒரு குறிப்பு இருக்கும். 622 என்பது டயர் உட்காரும் இடத்தின் விட்டம், மில்லிமீட்டரில். 700சி என்று நாம் சொல்லும் சக்கரம் இதுதான். அடுத்த எண் ரிம்மின் உள் அகலம். டயரின் பக்கவாட்டில் 28-622 என்று எழுதியிருந்தால், டயரின் அகலம் 28 மி.மீ., விட்டம் அதே 622 என்று பொருள். இந்த அளவுமுறையை வகுத்திருப்பது ஈடிஆர்டிஓ என்னும் ஐரோப்பிய டயர்–ரிம் தர அமைப்பு. கடையில் வெறும் '700 × 28' என்று எழுதியிருப்பதைவிட இந்தக் குறிப்பையே நம்புங்கள்.

உள் அகலம் ஏன் முக்கியம் என்றால், ஒரே டயர் வெவ்வேறு ரிம்மில் வெவ்வேறு அகலத்துக்கு விரிகிறது. 28 என்று எழுதிய டயர் அகலமான ரிம்மில் 30 மி.மீ. வரைகூட நிற்கலாம். அதனால் ஃபோர்க்கிலும் பின் சட்டத்திலும் இடம் போதுமா என்பதை, எழுதியிருக்கும் எண்ணை வைத்து அல்ல, காற்றடித்த பிறகு உண்மையில் நிற்கும் அகலத்தை வைத்தே கணக்கிட வேண்டும். இரு பக்கமும் 4 மி.மீ. இடைவெளியாவது இல்லாவிட்டால் நான் அந்த டயரைப் போடமாட்டேன். மழைக்காலத்தில் டயரில் ஒட்டிவரும் மண்ணும் சின்னக் கற்களும் சட்டத்தின் பெயின்ட்டைச் சுரண்டி எடுத்துவிடும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது ரிம்மின் ஓரச் சுவர். டயரின் இரு ஓரங்களிலும் உள்ள விறைப்பான விளிம்பைக் கடைகளில் பீடிங் என்பார்கள். பழைய முறை ரிம்களில் அந்தப் பீடிங்கைப் பிடித்துக்கொள்ள உட்பக்கமாக ஒரு கொக்கி வளைந்திருக்கும். இப்போது விலை உயர்ந்த கார்பன் சக்கரங்கள் பலவற்றில் அந்தக் கொக்கி இல்லை. சுவர் நேராக நிற்கிறது. இதைத்தான் ஹுக்லெஸ் என்கிறார்கள். ரிம்மில் டிஎஸ்எஸ் (TSS) என்று எழுதியிருந்தால் அது இந்த வகை. ஹுக்லெஸ் ரிம்முக்கு மூன்று கட்டுப்பாடுகள் உண்டு. காற்று 5 பார், அதாவது 72.5 பிஎஸ்ஐ-யைத் தாண்டக் கூடாது. ஹுக்லெஸ்ஸுக்கு ஏற்றது என்று டயர் தயாரிப்பாளரே சொல்லியிருக்கும் டயரை மட்டுமே போட வேண்டும். ரிம் அகலத்துக்கு ஏற்ற குறைந்தபட்ச அகலமாவது டயருக்கு இருக்க வேண்டும், 23 மி.மீ. உள் அகல ரிம்முக்கு 28-க்குக் குறைந்த டயர் ஆகாது, 25 மி.மீ. ரிம்முக்கு அந்த 28-உம் போதாது. 2024 பிப்ரவரியில் நடந்த யுஏஇ டூர் பந்தயத்தில் பெல்ஜிய வீரர் தாமஸ் டி ஹென்ட்டின் டயர் ரிம்மைவிட்டுக் கழன்று அவர் கீழே விழுந்தபோது, அவரிடம் இருந்தது 25 மி.மீ. உள் அகலமுள்ள ஹுக்லெஸ் ரிம்மும் 28 மி.மீ. டயரும்தான். கல்லில் மோதியதே காரணம் என்று டயர் தயாரிப்பாளர் தரப்பு கூறியது. இந்த வகைச் சக்கரங்களை ஆராயப் போவதாகச் சர்வதேச சைக்கிள் அமைப்பான யுசிஐ அறிவித்தது. காரணம் எதுவாக இருந்தாலும், குறைந்தபட்ச எல்லையை ஒட்டியோ அதற்குக் கீழேயோ நிற்கும் ஜோடி நமக்கு வேண்டாம் என்பது என் கருத்து. உடல் எடை 80 கிலோவைத் தாண்டியவர்கள் புதுச் சக்கரம் வாங்குவதானால் கொக்கி உள்ள ரிம்மையே வாங்கலாம். தேவைப்படும் காற்றுக்கும் 72.5 என்ற எல்லைக்கும் இடையே அவர்களுக்கு அதிக இடம் மிஞ்சாது.

நம் ஊர் வெயிலையும் இங்கே கணக்கில் சேர்க்க வேண்டும். காலை 28 டிகிரியில் 70 பிஎஸ்ஐ அடித்த டயர், வெயிலில் சாத்தி வைத்து 48 டிகிரிக்குச் சூடானால், உள்ளே காற்று ஏறத்தாழ 75-ஐத் தாண்டிவிடும். கொக்கி உள்ள ரிம்மில் இது ஒன்றும் பெரிய விஷயமில்லை. ஹுக்லெஸ்ஸில் நீங்கள் எதையும் செய்யாமலேயே எல்லையைத் தாண்டியிருப்பீர்கள்.

ரிம் டியூப்லெஸ்ஸுக்கு உரியதுதானா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். 'டியூப்லெஸ் ரெடி' என்று எழுதியிருக்கும் ரிம்மில், பீடிங் வந்து இறுக்கமாக உட்காருவதற்கென்றே ஒரு தட்டையான படியும், அதைத் தாண்டி உள்ளே நழுவாமல் இருக்கச் சிறு மேடும் இருக்கும். பழைய சாதாரண ரிம்மில் டேப் ஒட்டிச் சமாளித்துவிடலாம் என்று சொல்கிறவர்கள் உண்டு. மலைச் சைக்கிளின் குறைந்த காற்றில் அது ஒருவேளை நிற்கலாம். 60, 70 பிஎஸ்ஐ-யில் டயர் கழன்றால் விழுவது நீங்கள், பின்னால் வருவது கன்டெய்னர் லாரி.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் டயர். அகலத்தில் எனக்குக் குழப்பமே இல்லை: இடம் இருந்தால் 28 அல்லது 30. ரிம் பிரேக் உள்ள பழைய சட்டங்களில் 25-க்குமேல் பல சமயம் நுழையாது. அந்தச் சைக்கிள் வைத்திருப்பவர்கள் 25-உடன் திருப்திப்பட வேண்டியதுதான். தனியாக நேரத்தை எதிர்த்து ஓட்டும் பந்தயத்துக்குத் தயாராகிறவர்கள் இன்னொரு விதியையும் கேள்விப்பட்டிருப்பார்கள்: ரிம்மின் வெளி அகலம் டயரின் அகலத்தைவிட 5 சதவீதமாவது கூடுதலாக இருந்தால்தான் காற்று ரிம்மை ஒட்டி ஒழுங்காக வழியும். எண்ணூரில் கடல்காற்றை எதிர்த்து ஓட்டுகிறவர்களுக்கு அது பயனுள்ள விதிதான். ஆனால் புதிதாகத் தொடங்குகிறவர் அதற்காக 28-ஐ விட்டுவிட்டு 25-க்கு இறங்குவது, குடைக்குப் பொருத்தமாக மழை பெய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பது போன்றது.

ஒரே நிறுவனத்திடமே மூன்று நான்கு வகை ரேஸ் டயர்கள் இருக்கும். மிக மெல்லியதும் மிக வேகமானதும், பந்தய நாளுக்கென்றே செய்யப்பட்டது. அதில் பஞ்சர் தடுப்புப் பட்டை இருக்காது, அல்லது பெயரளவுக்கு இருக்கும். நடுவில் இருப்பது பந்தயத்துக்கும் பயிற்சிக்கும் பொதுவானது. கான்டினென்டலின் ஜிபி 5000 எஸ் டிஆர், ஷ்வால்பே புரோ ஒன் போன்றவை இந்த இடத்தில் வருகின்றன, 28 மி.மீ. அளவில் இவை 300 கிராமை ஒட்டிய எடையில் இருக்கும். அதற்கும் கீழே, தடித்த பயிற்சி டயர். மீஞ்சூர் வண்டலூர் வெளிவட்டச் சாலையில் மட்டுமே ஓட்டுகிறவருக்கு நடுவகை போதும். திருவொற்றியூர் நெடுஞ்சாலை, மணலி, எண்ணூர் என்று தினமும் லாரித் தடத்தில் ஓட்டுகிறவர் பயிற்சி டயரைப் பின்சக்கரத்திலும் நடுவகையை முன்சக்கரத்திலும் போட்டுக்கொள்ளலாம். எடை அதிகம் விழுவதும் பஞ்சர் அதிகம் ஆவதும் பின்சக்கரத்தில்தான்.

டிபிஐ என்ற எண்ணைக் காட்டி விற்பனையாளர்கள் அசத்துவார்கள். ஓர் அங்குலத்தில் எத்தனை நூல் இழைகள் என்பதே அது. இழை மெல்லியதாகவும் நெருக்கமாகவும் இருந்தால் டயர் எளிதாக வளைந்து உருளும். ஆனால் சில நிறுவனங்கள் ஓர் அடுக்கின் எண்ணையும், வேறு சில மூன்று அடுக்கையும் கூட்டிய எண்ணையும் அச்சிடுகின்றன. 110 இழைகளின் மூன்று அடுக்கு 330 ஆகிவிடும். ஆகவே இரு வேறு நிறுவனங்களின் டிபிஐ-யை ஒப்பிடுவதில் பொருளில்லை. ஐப்பசி மழைக்குப் பட்டன் வைத்த டயர் வேண்டுமோ என்ற கவலையும் வேண்டாம். காரின் டயர்போலச் சைக்கிள் டயர் தண்ணீரின் மேல் மிதந்து வழுக்குவதில்லை. அதன் தடம் அவ்வளவு குறுகியது, வேகமும் குறைவு. ஈரச் சாலையில் பிடிப்பைத் தருவது ரப்பரின் கலவையும் சரியான காற்றும்தான். மேலே கோடு இருக்கிறதா, மழமழவென்று இருக்கிறதா என்பது அதற்குப் பிறகுதான்.

காற்றின் அளவுக்கு ஒரு தொடக்கப் புள்ளி சொல்கிறேன். 70 கிலோ எடையுள்ளவர், 21 மி.மீ. ரிம்மில் 28 மி.மீ. டயர் போட்டிருந்தால், பின்னால் 68, முன்னால் 64 பிஎஸ்ஐ என்று தொடங்கலாம். பிறகு இரண்டிரண்டாகக் குறைத்துப் பாருங்கள். திருப்பத்தில் டயர் நெளிவதுபோலத் தெரிந்தாலோ, பள்ளத்தில் ரிம் தரையில் இடித்தாலோ ஒரு படி ஏற்றிவிடுங்கள். ரிம்மில் ஒரு உச்ச அளவும் டயரில் வேறோர் உச்ச அளவும் எழுதியிருந்தால் இரண்டில் குறைந்ததே உங்கள் எல்லை.

மாட்டும் வேலையைக் கடைக்காரரிடமே விட்டுவிடலாம். ஆனால் ஒரு முறையாவது பக்கத்தில் நின்று பாருங்கள். நான் முதன்முதலில் மொட்டை மாடியில் உட்கார்ந்து நானே மாட்டினேன். போக்ஸ் ஓட்டைகளை மூட ரிம்முக்குள் ஒட்டும் டேப்பை வால்வு ஓட்டைக்காகப் பிளேடால் நீளமாகக் கீறிவிட்டேன். அது வால்வின் ரப்பர் அடியையும் தாண்டிப் பிளந்திருந்தது. சீலன்ட் ஊற்றிப் பம்ப் அடித்தபோது, டயரிலிருந்து வெளியேற வேண்டிய வழியெல்லாம் விட்டுவிட்டு, போக்ஸ் கம்பிகளின் அடியிலிருந்து வெள்ளை வெள்ளையாகக் குமிழி விட்டது. டேப்புக்கு அடியில் நுழைந்த காற்று ரிம் முழுவதும் பயணம் செய்து அங்கே வெளியே வந்திருக்கிறது. டேப்பைப் பிரித்து, ரிம்மை ஸ்பிரிட்டால் துடைத்து, உள் அகலத்தைவிட இரண்டு மி.மீ. அகலமான டேப்பை இழுத்துப் பிடித்து ஒட்டி, வால்வுக்கு சூடான ஊசிமுனையால் வட்டமாகத் துளையிட்ட பிறகுதான் காற்று நின்றது. அதனால் டயரின் விலையைப் பற்றி மட்டும் பேசிவிட்டு டேப்பில் சிக்கனம் பிடிக்காதீர்கள்.

சரியாக மாட்டினால், சோப்புத் தண்ணீர் தடவிய பீடிங் ரிம்மின் நடுப் பள்ளத்திலிருந்து ஏறிப் படியில் உட்காரும்போது 'டப், டப்' என்று சத்தம் கேட்கும். பயந்துவிட வேண்டாம், அந்தச் சத்தத்துக்காகத்தான் பம்ப் அடிக்கிறோம். கைப்பம்பில் ஏறாவிட்டால் வால்வின் உள்முள்ளைக் கழற்றிவிட்டு அடியுங்கள். காற்று தடையில்லாமல் ஒரே மூச்சில் உள்ளே போகும். உட்கார்ந்த பின், அதே வால்வு வழியாக 30 முதல் 40 மில்லி சீலன்ட் ஊற்றி, முள்ளைத் திருகி, காற்றடித்துச் சக்கரத்தைச் சுழற்றி விடுங்கள்.

பலூன் செய்யப் பயன்படும் அதே ரப்பர் பால்தான் பெரும்பாலான சீலன்ட்களுக்கும் மூலப்பொருள். பலூன் என்றதும் திருவொற்றியூர்க்காரர்களுக்கு எம்.ஆர்.எஃப். நினைவுக்கு வரலாம்: 1946-இல் அங்கே ஒரு கொட்டகையில் பொம்மைப் பலூன் செய்து தொடங்கிய நிறுவனம்தான் அது; 1961-இல் அதே திருவொற்றியூரில் டயர் செய்யத் தொடங்கியது. ரப்பர் பாலின் குணம் வெயிலில் உலர்ந்து போவது. குளிர்நாடுகளுக்கு எழுதப்பட்ட குறிப்புகளில் ஆறு மாதம் வரை தாங்கும் என்று போட்டிருக்கும். சித்திரை வைகாசியில் நம் ஊரில் ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை பார்த்துவிடுவதே நல்லது. சக்கரத்தைக் காதருகே வைத்துக் குலுக்கினால் சளசளவென்று கேட்க வேண்டும். சத்தம் இல்லையென்றால் சீலன்ட் இல்லை. அந்த நிலையில் உங்கள் டியூப்லெஸ் டயர், டியூபும் இல்லாத, பாதுகாப்பும் இல்லாத டயர்.

கண்ணாடிச் சில்லு போன்றவை மூன்று நான்கு மி.மீ.க்குமேல் கிழித்தால் சீலன்ட்டால் அடைக்க முடியாது. அதற்கு ரப்பர் திரியும் அதைச் செருகும் ஊசியும், கடைசித் துணையாக ஒரு டியூபும் பையில் இருக்க வேண்டும்; டிபியூ (TPU) என்னும் மெல்லிய பிளாஸ்டிக் வகை டியூப் தீப்பெட்டியைவிடச் சற்றே பெரியதாக மடிந்துகொள்ளும். தண்டையார்பேட்டையில் ஒரு பஞ்சர் கடையில் காற்றடிக்க நின்றபோது, கடைக்கார அண்ணன் டயரோரத்தில் வழிந்திருந்ததைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இன்னா தம்பி, டயருக்குள்ள பால் ஊத்தி வெச்சிருக்க?" என்று கேட்டார். அவருடைய கம்ப்ரஸர் குழாய் நம்முடைய மெல்லிய பிரெஸ்டா வால்வில் பிடிக்காது. பித்தளையில் ஒரு சின்ன அடாப்டர் வாங்கி வால்விலேயே திருகி வைத்துவிட்டால் வடசென்னையின் எந்தப் பஞ்சர் கடையும் உங்களுக்கு உதவும். ஆனால் அந்தக் கம்ப்ரஸர் சில நொடிகளில் எல்லையைத் தாண்டிவிடும் என்பதால், கையில் அளவுமானி இல்லாமல் அங்கே காற்றடிக்க வேண்டாம்.

மாதத்துக்கு ஒருமுறை மட்டும் சைக்கிளை வெளியே எடுக்கிறவர்களுக்கும், ரிம் டியூப்லெஸ் ரெடி அல்லாதவர்களுக்கும் இந்த முறை தேவையில்லை. நல்ல மெல்லிய டயருக்குள் டிபியூ அல்லது லேடக்ஸ் டியூப் போட்டு ஓட்டினால், உருளும் வேகத்தில் அவர்கள் இழப்பது மிகக் குறைவு. சீலன்ட் உலர்ந்ததா என்று குலுக்கிப் பார்க்கும் வேலையும் இல்லை.

வாங்கியவர்களுக்கு ஒன்று. பின்டயர்தான் முதலில் தேயும். நடுப்பகுதி தட்டையாகி, தேய்மானக் குறிக்கான சிறு குழிகள் மறைந்துவிட்டால் அதைக் கழற்றிவிடலாம். அப்போது புது டயரைப் பின்னால் போடாதீர்கள். முன்டயரைப் பின்னால் மாற்றிவிட்டுப் புதியதை முன்னால் போடுங்கள். பின்டயர் வழுக்கினால் பல சமயம் சமாளித்துவிடலாம், முன்டயர் வழுக்கினால் நேராகத் தரைதான்.